அணைக்கச் சொன்ன அடுப்புகள்

எங்கள் ஊரில் வீட்டுக்குள் எலி செத்துக் கிடந்தால் முதலில் பூசாரிக்குத்தான் ஆள் போகும். எலியைக் காலால்கூடத் தொட மாட்டார்கள். வறட்டியைப் போட்டு அந்த இடத்திலேயே கொளுத்திவிட்டு, பூசாரி வீட்டு வாசலில் போய் நின்று, "எங்க வீட்டுல எலி விழுந்திருச்சு" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் போதும். தெருவில் பேச்சு நின்றுவிடும்.

கம்பம் பள்ளத்தாக்கில் நான் வளர்ந்த காலத்தில் பிளேக் என்பது ஏறக்குறைய வருஷா வருஷம் வருவது. நெல் அறுத்து வீட்டுக்கு வந்து சேர்ந்து, மலையிலிருந்து பனி இறங்கத் தொடங்கினால், ஏதாவது ஓர் ஊரில் எலி விழும். எலி விழுந்த பிறகு மனிதர்களுக்குக் காய்ச்சல் வரும், தொடை இடுக்கில் நெறி கட்டும், அநேகமாகச் செத்துப் போவார்கள். ஆகையால் எலி விழுந்ததும் ஊரைக் காலி செய்துவிட்டு மேட்டுக் காட்டுக்குப் போவது வழக்கம். ஆனால் மனிதர்கள் தாமாகப் போய்விட முடியாது. பூசாரி அம்மனைக் கரகத்தில் இறக்கி முன்னால் எடுத்துச் செல்வார். அதன் பின்னால்தான் ஊர் போகும். சோளத்தட்டையும் தென்னங்கீற்றும் வைத்துக் குச்சு கட்டிக்கொண்டு, நோய் அடங்கும்வரை அங்கேயே சமைத்து அங்கேயே படுப்பார்கள்.

திரும்பி வருவதும் அப்படித்தான். அம்மன் ஊர் புகுந்த பிறகு காட்டில் ஓர் அடுப்பும் எரியக் கூடாது. சாமி வீட்டுக்குப் போன பின்னும் காட்டில் புகை தெரிந்தால், அது சாமியை நம்பாதவன் வீட்டுப் புகை. அதனால் கரகம் புறப்படுவதற்கு முன்பே எல்லாக் குச்சுகளிலும் அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுவார்கள். அன்றைக்கே அவரவர் வீட்டில் உலை வைத்து, அவரவர் வீட்டில் படுக்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கும் விலக்கு இல்லை, படுக்கையில் கிடக்கும் கிழவனுக்கும் இல்லை. சின்ன வயதில் எங்கள் அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது என் வேலையாக இருந்தது. செம்பைத் தூக்கிக்கொண்டு அக்காவுக்கு முன்னால் ஓடுவேன். சாம்பல் சீறிக்கொண்டு எழும்பும். எனக்குப் பிடித்த வேலை.

இந்த வழக்கத்தை இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதைப் படிக்கிறவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

உத்தமபாளையத்தில் பள்ளிக்கூடம், மதுரையில் கல்லூரி, சென்னையில் சட்டம் என்று படித்தேன். பெரியகுளம் கோர்ட்டில் சில வருஷம் வக்கீலாக இருந்தேன். பிறகு தாலுகா போர்டு, ஜில்லா போர்டு, சட்டசபை. யுத்தத்துக்கு முந்தைய ஒரு மந்திரிசபையில் எனக்கு இடம் கிடைத்தது. பெரிய இலாகாக்களையெல்லாம் பெரியவர்கள் பங்கிட்டுக்கொண்ட பிறகு சுகாதாரம் மிஞ்சியது. "உங்க பக்கத்துலதான் பிளேக்கு, மலேரியா எல்லாம் இருக்கே, உங்களுக்கு அனுபவம் அதிகம்" என்று சக மந்திரி ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

அந்தப் பதவியைப் பற்றி இப்போது நினைத்தால் மாலை வாடிய வாசனைதான் முதலில் ஞாபகம் வருகிறது. காரின் பின்சீட்டில் அவை குவிந்து கிடக்கும். வெயிலில் சம்பங்கி புழுங்கித் தலைவலி வரும். ஓர் ஊரில் ஆஸ்பத்திரிக்கு அடிக்கல், அடுத்த ஊரில் கிணற்றுக்கு மருந்து போடுவதைப் பார்வையிடல், அதற்கடுத்த ஊரில் குழந்தைகள் வாரம். எல்லா ஊரிலும் ஒரே கேசரி, ஒரே வரவேற்புரை. சுத்தம் சோறு போடும் என்று நான் பேசிக்கொண்டிருக்கும்போது பந்தலுக்குப் பின்னால் சாக்கடை நாறும். நான் அடிக்கல் நாட்டிய கட்டடங்களில் பலவற்றுக்கு அந்தக் கல்லுக்கு மேல் இன்னொரு கல் ஏறவில்லை. பணம் இல்லை என்று நிதி இலாகா எழுதும். மறுபடியும் பரிசீலிக்கவும் என்று நான் எழுதுவேன். இப்படியே வருஷம் போகும். உருப்படியாகச் செய்த காரியம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றிரண்டு உண்டு. அவற்றில் ஒன்று, பிளேக் வந்த ஊர்களில் கடைசி எலி விழுந்து முழுதாக ஒரு மாதம் போகாமல் யாரும் வீட்டுக்குத் திரும்பக் கூடாது என்ற உத்தரவு. அதற்காக நான் சட்டசபையில் நீளமாகவே வாதாடினேன்.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் இரண்டு வகையறாக்களுக்குள் சண்டை. திருவிழாவில் சாமிக்கு முன்னால் நிறுத்தித் தலையில் பட்டுத் துணியால் பரிவட்டம் கட்டுவார்கள். அது எங்கள் வகையறாவுக்கு வர வேண்டியது என்பது அப்பாவின் கட்சி. ஊர்க்கூட்டத்தில் தோற்றுப் போனார். அன்றிலிருந்து சாகும்வரை அவர் அந்தக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. தேர் எங்கள் தெருவுக்குள் வரும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். நானும் அக்காவும் ஜன்னல் வழியாகப் பார்ப்போம். மேளச் சத்தம் தெருக்கோடியைத் தாண்டிய பிறகுதான் அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார்.

நான் மந்திரியான மறுவருஷம் மதுரையில் முகாம் போட்டிருந்தேன். எதிர் வகையறாவின் பெரியவர் பங்களாவுக்கு என்னைப் பார்க்க வந்தார். அப்பாவை ஊர்க்கூட்டத்தில் தோற்கடித்த அதே ஆள். நல்ல வயதாகியிருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"தம்பி, நம்ம ஊருக்கு ஒரு ஆஸ்பத்திரி வேணும். அடுத்த மாசம் தேனிப் பக்கம் வர்றதாச் சொல்றாக. ஒரு எட்டு வந்து கல்லு நட்டுட்டுப் போங்க. ஒங்க அய்யா உசுரோட இருந்தப்பச் செய்யாதத ஒங்களுக்குச் செய்யணும்னு ஊரே சொல்லுது. முதல் மரியாதை ஒங்களுக்குத்தான்."

ஊர் இப்போது காட்டில் அல்லவா இருக்கிறது என்று கேட்டேன். அந்த வருஷமும் எலி விழுந்து ஊர் வெளியேறியிருந்தது எனக்குத் தெரியும்.

"அதான் ஒரு சங்கடம். பரிவட்டத்தக் காட்டுல வச்சுக் கட்டுறது மொறையில்ல. ஆத்தாவ அவ எடத்துல ஒக்கார வச்சு, முன்னால நிப்பாட்டித்தான் கட்டணும். நீங்க வர்ற அன்னைக்கே ஆத்தாவ ஊருக்குக் கொண்டாந்துரலாம்னு இருக்கோம்."

"எலி விழுறது நின்னுருச்சா?"

"நின்ன மாதிரித்தான்."

கோர்ட்டில் ஒரு சாட்சி 'மாதிரி' என்று சொல்லியிருந்தால் நான் அவனை விட்டிருக்க மாட்டேன். அன்று விட்டுவிட்டேன்.

சுற்றுப்பயணத்தில் தேனி ஸ்டேஷனில் இறங்கியபோது ஜில்லா சுகாதார அதிகாரி காத்திருந்தார். தெலுங்கு தேசத்துக்காரர், டாக்டர், என்னைவிட இளையவர். பள்ளத்தாக்கு முழுவதும் எலி வளைகளில் விஷப்புகை அடிக்கும் பம்புகளோடு ஆட்களை அனுப்பி, ஊர் ஊராகச் சைக்கிளில் சுற்றியவர். தமிழ் தட்டுத் தடுமாறிப் பேசுவார் என்பதால் நாங்கள் இங்கிலீஷில் பேசிக்கொள்வோம். பங்களாவில் நான் காபி குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

"நாளைக்கு உங்கள் ஊர் நிகழ்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை, சார். இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. எலி விழுவது நின்றுவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. நிகழ்ச்சியைத் தள்ளிவைக்க முடியுமா?"

"ஒரு காலை நேரச் சடங்குதான், டாக்டர்."

"சாயங்காலத்துக்குள் ஜனங்கள் குச்சுகளுக்குத் திரும்பிவிடுவார்கள் அல்லவா?"

"ஆமாம்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. அப்படியானால் அபாயம் குறைவு, வீடுகளுக்குள் தூங்காமல் இருந்தால் போதும் என்றார். அம்மன் ஊர் புகுந்தால் யாரும் திரும்பிப் போக முடியாது என்பது அவருக்குத் தெரியாது. வெளியூர்க்காரர். சொல்ல வேண்டியவன் நான். இத்தனை வருஷத்தில் அந்த 'ஆமாம்' என்ற சொல்லுக்கு நான் பல அர்த்தங்கள் கற்பித்துப் பார்த்திருக்கிறேன். மறந்து சொன்னேன் என்று ஒரு காலத்தில் நம்பவும் முயன்றேன். மறக்கவில்லை. தெரிந்தே சொன்ன பொய்.

மறுநாள் காலை அதிகாரி காமயகவுண்டன்பட்டிப் பக்கம் வேறு வேலையாகப் போய்விட்டார். நான் நேரே மேட்டுக் காட்டுக்குப் போனேன். மேளம், வாழை, பந்தல் எல்லாம் தயார். கரகத்தை அலங்கரித்து வைத்திருந்தார்கள். ஆனால் புறப்படவில்லை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. பெரியவர் என் காதருகில் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எல்லாக் குச்சுலயும் அணைச்சாச்சு தம்பி. ஒங்க அக்கா வீட்டு அடுப்பு மட்டும் எரியுது. அணைக்க மாட்டேங்குறாக. ஒங்க அக்காங்கிறதால நாங்க ஒண்ணும் சொல்லல."

அக்காவை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்திருந்தது. எனக்கு அம்மா சிறு வயதிலேயே போய்விட்டதால் அக்கா கொஞ்சம் அதட்டித்தான் பேசுவாள். அவள் குச்சு ஓரமாக இருந்தது. வாசலில் கயிற்றுக் கட்டிலில் அத்தான் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மந்திரி மாப்ளே! ஒங்க சர்க்காரு மலையக்கூடக் கொடஞ்சு தண்ணி கொண்டாந்துரும். இந்த ஒரு அடுப்ப அணைக்கட்டும் பாப்போம்."

"நீங்க சும்மா இருங்க" என்று உள்ளே இருந்து அக்கா குரல் கொடுத்தாள். "ஏலே, இங்கன வா."

குனிந்து உள்ளே போனேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"நான் சொல்றத நல்லாக் கேட்டுக்க. போன வாரம் நெல்லு அள்ள வீட்டுக்குப் போனேன். நெல்லுக் குலுக்கைக்கு அடியில எலி கெடந்துச்சு. நானேதான் வறட்டி போட்டு எரிச்சேன். பூசாரிகிட்டப் போய்ச் சொன்னேன். 'தாயி, மந்திரி வந்துட்டுப் போகட்டும், வெளிய சொல்லிராத'ங்கிறாரு. அந்த வீட்டுலயா இன்னைக்கு ஒல வைக்கச் சொல்ற?"

"ஒண்ணும் ஆகாதுக்கா. எல்லாருக்கும் ஊசி போட்டிருக்காகள்ல."

"எனக்குப் போட்டாக. மகனுக்கும் மருமகளுக்கும் போட்டாக. ஒங்க அத்தானுக்குப் போட்டாகளா கேளு. ஊசிக்காரரு வர்றாகன்னா தென்ன மரத்துல ஏறிக்கிற மனுசன்."

"தென்ன மரத்துல ஏறுனா தேங்காயாவது கெடைக்கும். ஊசியில காய்ச்சல்தான கெடைக்குது" என்றார் அத்தான் வெளியிலிருந்து.

அவர் சொன்னதற்குச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

"ஒனக்கு மாலை போடணும்னா இங்கனயே போடட்டுமே. காடு என்ன கெட்டுப்போச்சு?"

வெளியே மேளக்காரர்கள் தோலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அன்று மத்தியானம் போடியில் எனக்கு இன்னொரு கூட்டம் இருந்தது. நான் அக்காவிடம், "நம்ம அய்யாவுக்காகக்கா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் அவள் பேச முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் அப்பாவை இழுத்தேன். பாதி வெந்த சோற்றை இறக்கி வைத்தாள். செம்பை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல், அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள்.

கரகம் ஊர் புகுந்தது. கோயிலில் எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கிராப்புத் தலையில் பட்டு நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. பூசாரி மறுபடி மறுபடி இறுக்கினார். கற்பூர வெளிச்சத்தில் அம்மன் முகம் தெரிந்தது. அப்பா இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். கண் கலங்கியது உண்மை. பக்கத்தில் நின்றவர்கள் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு அடிக்கல் நாட்டினேன். சுத்தத்தைப் பற்றிப் பேசினேன்.

காரில் ஏறிப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். மேட்டுக் காட்டில் வெறும் குச்சுகள் நின்றன. ஊர்க் கூரைகளுக்கு மேல் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

சென்னைக்குத் திரும்பிச் சில நாட்களில் தந்தி வந்தது. அக்கா வீட்டில்தான் முதலில் வந்திருக்கிறது. அத்தானுக்குக் காய்ச்சல், நெறி, மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. பிறகு அதே தெருவில் அடுத்தடுத்த வீடுகள். அதிகாரி ஓடிப்போய், மறுபடி காட்டுக்குப் போங்கள் என்று ஊரைக் கெஞ்சியிருக்கிறார். அம்மன் ஊருக்குள் இருக்கும்போது எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்கு அப்போதுதான் வழக்கம் புரிந்திருக்கிறது.

நான் போகவில்லை. சட்டசபை நடந்துகொண்டிருந்தது. பிளேக் ஊருக்கு மந்திரி போகக் கூடாது என்று காரியதரிசியும் சொன்னார். அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

சட்டசபையில் ஓர் அங்கத்தினர் கேள்வி கேட்டார். உத்தரவு இருக்கும்போது அந்த ஊர் ஜனங்கள் எப்படி வீடு திரும்பினார்கள்? பதிலைக் காரியாலயத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அதிகாரிகளின் ஆலோசனையை மீறி, மதச் சடங்கை முன்னிட்டு, ஜனங்கள் தாங்களாகவே திரும்பினார்கள். மூடப் பழக்கங்கள் ஒழிந்தாலன்றி இத்தகைய நோய்களை ஒழிக்க முடியாது. எழுந்து நின்று அதை வாசித்தேன். கைதட்டினார்கள். தடுக்கத் தவறியதாக ஜில்லா சுகாதார அதிகாரி மேல் குறிப்பு எழுதி, அவரை வடக்கே மலைக்காய்ச்சல் பிரதேசத்துக்கு மாற்றினார்கள். உத்தரவில் கையெழுத்து என்னுடையதல்ல. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

போவதற்கு முன் அவர் என்னைப் பார்க்க வந்தார். புகார் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சார், சாயங்காலம் திரும்பிவிடுவார்கள் என்று நீங்கள் சொன்னபோது, திரும்ப மாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்படித்தான் நினைத்தேன். சிறு வயதிலேயே படிக்க வெளியே போய்விட்டீர்கள். தப்பு என்னுடையதுதான். நான் பூசாரியை விசாரித்திருக்க வேண்டும்" என்றார். கை கூப்பிவிட்டுப் போனார். அவர் என்னை நம்பினார். அவர் சந்தேகப்பட்டிருந்தால் எனக்கு இத்தனை காலம் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நோய் அடங்கிப் பல மாதம் கழித்துத்தான் அக்காவைப் பார்க்கப் போனேன். வெறுங் கழுத்தோடு முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். பேரப்பிள்ளை தொட்டிலில் தூங்கியது. நான் அழுதேன். அவள் அழவில்லை. அவள் அழுது முடித்து வெகு நாளாகியிருந்தது.

"பேப்பர்ல போட்டிருந்தாகளாமே. பள்ளிக்கூடத்து வாத்தியாரு வாசிச்சுக் காட்டுனாரு. மூடப் பழக்கம்னு சொன்னியாமே?"

"ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாகக்கா."

"சரி. இங்க ஊருக்குள்ள என்ன சொல்றாக தெரியுமா? நான் அடுப்ப அணைக்க மாட்டேன்னு நின்னதுனால ஆத்தா கோவிச்சுக்கிட்டாளாம். அதுனாலதான் எங்க வீட்டுல ஆரம்பிச்சு அத்தன பேரக் கொண்டு போச்சாம். கெணத்தடியில என்னயக் கண்டா வாளிய எடுத்துக்கிட்டு ஒதுங்கிப் போறாக."

கீழே சிதறிக் கிடந்த புளியங்கொட்டைகளை நான் பொறுக்கிக் குவித்தேன்.

"தெரியாமச் செஞ்சேன்னு எங்கிட்டச் சொல்லிராத. செம்பத் தூக்கிக்கிட்டு எனக்கு முன்னால ஓடுனவன் நீ."

"தெரியும்க்கா. தெரிஞ்சுதான் செஞ்சேன்" என்றேன். உயிரோடு இருந்த ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அவள் புளியங்கொட்டையைத் தட்டி எடுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "இத எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? ஊர்ல சொல்லு. எலி மறுபடி விழும். அப்ப இவுக காட்டுக்குப் போக மாட்டாக. ஆத்தாவ அவ எடத்த விட்டுத் தூக்குனதே தப்புன்னு இப்பவே பேசிக்கிறாக. நீ வந்து, அவ கோவமில்ல, நாந்தான் அவசரப்பட்டு வரச் சொன்னேன், எலி விழுந்ததத் தெரிஞ்சே வரச் சொன்னேன்னு சொல்லு. ஒன் வாயால சொன்னாத்தான் நம்புவாக."

சொல்கிறேன் என்றேன்.

அவள் சொன்னபடியே அந்த வருஷம் அறுப்பு முடிந்ததும் எலி விழுந்தது. அக்கா ஆள் விட்டாள். நான் வந்தேன். நான் இன்னும் மந்திரியாகத்தான் இருந்தேன். கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியிருந்தது. எனக்கு மட்டும் நாற்காலி. பூசாரி கரகத்தைத் தொட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெண்கள் ஓரமாகச் சுவரை ஒட்டி நின்றார்கள். அவர்களிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி அக்கா தனியாக நின்றாள்.

எழுந்தேன். சொல்ல வேண்டிய வாக்கியங்களை ரயிலில் வரும்போதே மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். எதிரே பெரியவர் இருந்தார். அந்தத் தெருவில் செத்தவர்களின் பிள்ளைகள் இருந்தார்கள். எனக்குப் பின்னால் தாசில்தாரும், இரண்டு பத்திரிகைக்காரர்களும் இருந்தார்கள். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: காட்டுக்குப் போவது நல்லது, சர்க்கார் கீற்றும் மூங்கிலும் இலவசமாகக் கொடுக்கும், ஊசி மருந்து போதுமான அளவு இருக்கிறது, ஆஸ்பத்திரிக் கட்டடம் பரிசீலனையில் இருக்கிறது.

பெரியவர் கம்பை ஊன்றி எழுந்தார். "அதெல்லாம் சரி தம்பி. போன வருசம் நடந்தது ஆத்தாளோட கோவமா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்னா நாங்க தூக்குறோம்."

எனக்கு அதைவிடத் தெளிவாக யாரும் வழி திறந்து விட்டிருக்க முடியாது.

"சாமி விஷயத்துல நான் என்னத்தச் சொல்ல" என்றேன்.

பூசாரி, "அப்ப ஆத்தா இங்கனயே இருக்கட்டும்" என்றார். கூட்டம் கலையத் தொடங்கியது.

அக்கா வீட்டுக்குள் போனாள். ஒரு சாக்குப் பையும் சட்டியும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மகன் தலையில் பாயும் சோளத்தட்டையும். மருமகள் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். அம்மன் ஊருக்குள் இருக்கும்போது யாரும் அப்படி வெளியேறியதில்லை. "பாத்தீகளா, இப்பவும் அவதான்" என்று ஒரு பெண் சத்தமாகவே சொன்னாள். என் காரும் நானும் குறுகிய தெருவை அடைத்துக்கொண்டு நின்றோம். அக்கா என் முன்னால் வந்து நின்றாள்.

"வழிய விடு தம்பி. பிள்ளை வெயில்ல இருக்கு."

நகர்ந்துகொண்டேன்.

அன்று கம்பத்தில் தங்கி, மறுநாள் காலை ஊருக்குப் போகாமல் நேரே காட்டுக்குப் போனேன். அக்கா கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தாள். எனக்கும் தட்டு வைத்தாள். நான் சாப்பிட உட்கார்ந்ததும், "அங்கன பாரு" என்று கையைக் காட்டினாள். தொலைவில் ஒன்றிரண்டு குச்சுகள் எழும்பிக்கொண்டிருந்தன. போன வருஷம் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்கள். அக்காவோடு பேசுவதை நிறுத்தியவர்கள்தான். பேசாமலேயே வந்திருந்தார்கள்.

"அம்புட்டுத்தானா?" என்று கேட்டேன்.

"நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா எல்லாரும் வந்திருப்பாக." கோபமில்லாமல்தான் சொன்னாள். "சரி, சாப்பிடு. சோறு ஆறுது."

சாப்பிட்டேன். தேனிக்குப் போய் ரயில் ஏறினேன். அந்தப் பருவம் முழுவதும் ஜில்லாவின் பிளேக் அறிக்கை வாரந்தோறும் என் மேஜைக்கு வந்தது. ஊர் வாரியாகக் கணக்கு இருக்கும். காட்டுக்குப் போன குடும்பங்கள் நன்றாக இருப்பதாக அக்கா மகன் எழுதிய ஒரு கார்டு மூலம் தெரிந்துகொண்டேன். ஊருக்குள் இருந்தவர்களைப் பற்றி அவன் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அறிக்கையில் குமாஸ்தா பென்சிலால் குறியிட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு, எங்கள் ஊர் இருந்த பக்கத்தைப் புரட்டாமல், திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.